தராசு யார் கையில்?

ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் தளவாய்புரத்தை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் நைட்டியை வைத்துத்தான் அறிவார்கள். அங்கே வெட்டி, தைத்து, மடித்துக் கட்டுக்கட்டாக ஏற்றி அனுப்பும் நைட்டிகள் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கடையின் மேசையில் விரியும்போது இரண்டு கேள்விகள் வந்தே தீரும். "சாயம் போகுமா?" "துவைச்சா சுருங்குமா?" கேட்கிறவர் துணியைப் பார்த்துக் கேட்பதில்லை. எதிரே நிற்கும் விற்பனைப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்.

அந்தப் பெண் அதைத் தைக்கவில்லை. சாயம் போட்டதும் விலை வைத்ததும் அவள் இல்லை. ஆனாலும் வாங்குகிறவரின் நம்பிக்கை மொத்தமும் அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லின் மேல் வந்து நிற்கிறது.

ஜவுளிக்கடையில் சில வருடம் வேலை பார்த்தவர்கள், அந்த வேலை தங்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்பவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மேசை நிறைய எடுத்துப் போட்டும் ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவரிடம் முகம் சுளிக்காத பொறுமை. தேய்ந்த செருப்போடு வருகிறவர்தான் கல்யாணத்துக்கே ஜவுளி எடுக்கப்போகிறார் என்று பட்டுத் தெரிந்துகொண்ட பக்குவம். காலையில் முதல் போணி ஆகும்வரை மனம் தளராமல் இருப்பது. எல்லாம் நல்ல குணங்கள்தாம். ஆனால் ஒரு பழைய கேள்வி இங்கே எழுகிறது: சம்பளத்துக்காகப் பழகிய பொறுமை அறமாகுமா?

வியாபாரத்தில் அறம் இருக்க முடியும் என்பதில் நம் மரபுக்குச் சந்தேகமே இல்லை. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஜாஜலி என்ற முனிவர் வருகிறார். அசையாமல் நின்று தவம் செய்த அவருடைய சடைமுடியில் குருவிகள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பறந்தே போய்விடுகின்றன. அறத்தை அடைந்துவிட்டோம் என்று அவர் பூரித்தபோது, வாரணாசியில் கடை வைத்திருக்கும் துலாதாரனுக்கு நீ ஈடாகமாட்டாய் என்று ஒரு குரல் ஒலிக்கிறது. தேடிப்போகிறார். வாசனைப் பொருளும் மூலிகையும் விற்கும் அந்த வணிகனிடம் தவக்கோலம் ஏதுமில்லை. எந்த உயிருக்கும் தீங்கு நினையாமல் பிழைப்பதையும், தன் தராசு எல்லாருக்கும் ஒன்றுபோல நிற்பதையுமே அவன் தன் அறமாகச் சொல்கிறான்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் நெருக்கமான கதை அமர்நீதி நாயனாருடையது. அறுபத்துமூவரில் ஒருவரான அவர் பழையாறையைச் சேர்ந்த வணிகர். பொன்னும் மணியும் துணியும் விற்றவர். கும்பகோணம் பக்கத்துத் திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்களுக்கு உணவும் கோவணமும் கொடுத்துவந்தார். பிரமசாரி வடிவில் வந்த சிவன் ஒரு கோவணத்தைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். அது காணாமல் போகிறது. தண்டில் கட்டியிருக்கும் இன்னொரு கோவணத்தின் எடைக்கு எடை துணி கேட்கிறார் வந்தவர். கடையிலுள்ள துணி, பொன், பொருள் எல்லாம் ஏற்றியும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் அமர்நீதியார் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏற, தராசு சமமாகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குக் கடைக்காரர் எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்பதைப் பெரியபுராணம் இதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டு கதைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. துலாதாரனும் அமர்நீதியாரும் முதலாளிகள். தராசு அவர்களுடையது. சரியாக நிறுத்தால் வரும் நஷ்டத்தையும் தாங்களே ஏற்க அவர்களால் முடியும். இன்றைய ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. "சாயம் கொஞ்சம் போகும்க்கா, முதல்ல தனியா அலசுங்க" என்று உண்மையைச் சொன்னால் அந்த உருப்படி விற்காமல் போகலாம். மாத முடிவில் எவ்வளவு விற்றாய் என்று கணக்குக் கேட்கும் இடத்தில் அந்த உண்மைக்கான விலையை அவள்தான் கொடுக்கிறாள். பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குகிறவருக்குத் தந்திருக்கிறது. அதை அச்சமில்லாமல் சொல்லும் உரிமை விற்கிற பெண்ணுக்கும் வேண்டாமா?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். உடலுழைப்பைப் போலவே சிரிப்பும் கனிவும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பாகிவிட்டதை அதில் விரிவாகக் காட்டினார். வேலைக்காக நாள் முழுக்கச் சிரிப்பவருக்குத் தன் சொந்த உணர்வு எது என்பதே நாளடைவில் மங்கிப்போகலாம் என்பது அவருடைய கவலை. பொறுமையை அறம் என்று மெச்சுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோபப்படவும் அனுமதி இருக்கும் ஒருவர் கோபத்தை அடக்கினால் அது அவருடைய பெருமை. வேறு வழியே இல்லாதவரின் மௌனத்தைத் தூக்கி அவர் தலையில் கிரீடமாக வைப்பது நியாயமில்லை.

நிற்பதிலும் இதே சிக்கல்தான். ஜாஜலி தாமாக நின்றார்; வேண்டாமென்றால் உட்கார்ந்திருக்கலாம். தென்மாவட்டப் பிள்ளைகள் சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நிற்கும் வாழ்க்கையை, விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு' படமாக எடுத்தார். பார்த்த பலர் கலங்கினார்கள். தமிழ்நாட்டில் சட்டம் அசைய இன்னும் பதினோரு வருடம் ஆனது.

அதற்கான வழியை முதலில் திறந்தவர் கோழிக்கோட்டுத் தையல்காரப் பெண் விஜி. மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். கழிப்பறை வேண்டும் என்று ஆரம்பித்த போராட்டம், உட்கார இடம் வேண்டும் என்று வளர்ந்தது. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஆணோ பெண்ணோ, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. பிரிட்டனில் கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று 1899-லேயே சட்டம் வந்திருந்தது.

வாடிக்கையாளர் வரும்போது பணியாளர் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று சில முதலாளிகள் சொல்வதுண்டு. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது நம் பழக்கம். அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் உட்கார்ந்திருக்கிறவர்தானே எழுந்திருக்க முடியும்? காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவரிடம் எழுந்து நிற்கும் மரியாதையை எப்படி எதிர்பார்ப்பது?

காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்குப் பூப்போட்டு, ஊதுபத்தி காட்டி, பிறகே கல்லாவைத் தொடும் முதலாளிகள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏராளம். அந்த பக்தியைக் குறைத்துப் பேச இங்கே இடமில்லை. அதே பக்தியிடம் வைக்கும் வேண்டுகோள்தான் இது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், ஒவ்வொரு பணியாளரையும் மாற்றி மாற்றிச் சிறிது நேரம் உட்காரவைத்தால் எத்தனை பில் குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாயம் போகும் துணியை அப்படிச் சொல்லியே விற்கட்டும், தங்கிப்போனால் நஷ்டம் என்னுடையது என்று பணியாளர்களிடம் சொன்னால் வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் கூட்டிக்கொள்ளலாம். திருநல்லூரில் அந்தத் துணி வணிகர் தட்டில் ஏற்றியவற்றோடு ஒப்பிட்டால், வரும் தொகை மிகச் சிறியதாகவே இருக்கும்.