பேர் விழாத நாட்கள்

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும், ஆறு தடவை. பிறகு ஆபரேஷன். அதற்குப் பிறகு கரண்ட் வைப்பது. அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஹட்டன் பஸ்ஸில் ஏறி கம்பளை தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாவலப்பிட்டியில் கடலைக்காரன் ஏறி இறங்கிய பிறகு, மடியில் கையை வைத்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"தம்பி, மாசம் இருபது பேருன்னு வச்சாலும் ஆறு மாசத்துல நூத்தியிருவது பேரு போயிரும்ல?"

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறி, குறித்த கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். எங்கள் ஆட்களிடம் சம்பளம் என்னவென்று கேட்டுப் பாருங்கள், ரூபாயில் பதில் வராது. "இந்த மாசம் பதினெட்டுப் பேரு" என்பார்கள். காய்ச்சலுக்குப் பேர் விழாது. கிளினிக் நாளுக்கும் விழாது. கூடப் போகிற ஆளுக்கும் விழாது என்பதால், ஒரு சீக்கு வீட்டில் இரண்டு பேரைத் தின்னும்.

2024 செப்டெம்பரிலிருந்து ஒரு பேருக்கு 1,350 ரூபா என்றிருந்த காலம் அது. அக்காவின் நூற்றிருபதை அதால் பெருக்கினால் 1,62,000. பஸ்ஸிலேயே கைபேசியில் போட்டுப் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு பேரோடும் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம் என்று சேரவேண்டிய 270 ரூபாவும் சேராது. வைத்தியம் இலவசம்தான். இந்த நாட்டில் அதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மருந்து இலவசமாக ஏறிக்கொண்டிருக்கும் அந்த நாளில் அரிசி இலவசமாக வருவதில்லை.

இதற்கு இரண்டு வருஷம் முந்தி எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஏழு வாரம் வீட்டில் படுத்துக் கிடந்தேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். லீவு இருந்தது, மாதச் சம்பளம் ஒரு சதம் குறையாமல் வங்கிக்கு வந்தது. அரச ஊழியருக்கென்று சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற அக்ரஹார காப்புறுதியிலும் ஒரு தொகை கிடைத்தது. அந்த ஏழு வாரமும் எனக்கு இருந்த ஒரே பயம் சாவுப் பயம். அக்காவுக்கு அந்தப் பயத்துக்கு இடமே இல்லாமல் போனதை அந்த பஸ்ஸில்தான் பார்த்தேன். இருவரும் நோர்வுட் பக்கத்தில் ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் பிறந்தவர்கள். நான் ஏ.எல். படித்தேன், அவள் பதினெட்டு வயதில் பேர் பதிந்தாள். அவள் பேரில்தான் நான் படித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்குக் காப்புறுதி என்றால் என்னவென்று தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரணாதார சங்கம் இருக்கிறது. எங்கள் அப்பா காலத்துக்கும் முந்தியது. சம்பளத் துண்டில் தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, முற்பணம் என்று வரிசையாகப் பிடிப்பதில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தலைவர் வந்துவிடுவார். இஸ்தோப்புக்கு முன்னால் தார்ப்பாய் கட்டப்படும். கதிரைகள், பெரிய தேத்தண்ணிக் கேத்தல், அண்டா எல்லாம் சங்கத்து அறையிலிருந்து தோளில் வரும். தப்புக்காரர்களுக்குச் சொல்லியனுப்ப ஒருவர், பெட்டி வாங்க ஹட்டனுக்கு ஒருவர், வெளித்தோட்டத்துச் சொந்தங்களுக்குப் போன் போட ஒருவர். வீட்டுக்காரர் அழுதால் போதும். அப்பா செத்த அன்றைக்கு என் கையில் நூறு ரூபாகூட இல்லை. அது யாருக்கும் தெரியாதபடி மூன்று நாள் கடந்தது. பெரிய கம்பெனிகள் வானொலியில் சொல்கிற வாக்கை இந்தச் சங்கம் தார்ப்பாயில் காட்டிவிடும்.

ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நாளுக்கானது. அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் அதே தலைவர் ஹார்லிக்ஸ் போத்தலோடு வந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் பேசி, சங்கடத்தோடு எழுந்து போனார். அவரிடம் படுக்கைக்கென்று ஒரு கட்டம் இல்லை.

காகிதக் காப்புறுதியும் எங்கள் வீட்டில் இருந்தது. 2012இல் ஒரு சம்பள நாளில் ஏஜெண்ட் லயத்துக்கு வந்தார். நல்ல மனுஷர், எல்லாரையும் அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டார். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "கட்டுன காசு திரும்பக் கெடைக்குமா?" கிடைக்கும் என்றார். முதிர்ச்சியில் காசு, நடுவில் செத்தால் இரண்டு லட்சம். அவள் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிடிக்கப்பட்டே பழகியவர்களுக்கு, திரும்பி வருமா என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியால் பாலிசி உண்டியலாகிப் போனது. திரும்பி வராத காசில்தான் பெரிய பாதுகாப்பு வாங்க முடியும் என்பதை வாத்தியாரான நான்கூட அப்போது யோசிக்கவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து பாலிசியை எடுத்துப் படித்தது, நோய் வந்த பிறகு. ஆங்கிலத்தில் இருந்தது. கடும் நோய்க்கான மேலதிகக் காப்பு என்று ஒரு வரி, அதன் எதிரில் ஒரு கோடு. அது வேண்டாம் என்று நாங்கள் சொன்னதாக அர்த்தம். அப்படி ஒன்று இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தக் கோட்டுக்குக் கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. ஆயுள் காப்புறுதி சாவுக்குக் காசு தரும். கடும் நோய்க் காப்பு இருந்தால், பாலிசியில் எழுதிய வரையறைக்குள் அந்த நோய் வந்தால் ஒரே தடவையில் ஒரு தொகை தரும். அந்த வரையறை பொல்லாதது. ஆரம்ப நிலைப் புற்றுநோயை விலக்கியிருக்கலாம். பாலிசி எடுத்த முதல் சில மாதங்களில் வந்த நோயைக் கணக்கில் எடுக்காது. நோய் தெரிந்தபின் குறித்த நாட்கள் உயிரோடிருக்க வேண்டும் என்று சிலதில் நிபந்தனை உண்டு. இந்த இரண்டையும் தவிர, படுத்திருக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகிற மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. வருமானக் காப்புறுதி. கனடாவில் இருக்கிற என் சிநேகிதன் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் அதில்தான் வீட்டுக் கடன் கட்டினான். நாட்கூலிக்காரருக்கு அதை விற்பவர் அபூர்வம். வருமானத்தைக் காக்க வேண்டுமென்றால் முதலில் வருமானம் இவ்வளவு என்று நிரூபிக்க வேண்டும். ஒரு மாதம் பதினெட்டுப் பேர், அடுத்த மாதம் இருபத்துநாலு, மழை மாதத்தில் பன்னிரண்டு. இதில் எதைக் காப்பது?

இன்னொரு வினையும் உண்டு. பேர் விழாவிட்டால் கட்டுப்பணம் கட்ட முடியாது. கட்டாவிட்டால், சில வாரச் சலுகைக்குப் பிறகு பாலிசி செத்துவிடும். நோய் வந்து காசு தேவைப்படுகிற நேரம்தான் பாலிசியும் சாகிற நேரம். அக்காவினுடையது 2022இல் ஒரு தடவை செத்தது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியிருந்தது. மாவா, கட்டுப்பணமா என்றால் மா. பிறகு நான் நிலுவையைக் கட்டிப் புதுப்பித்தேன். புதுப்பிக்கும்போது உடம்பு நிலையை மறுபடி அறிவிக்க வேண்டும். படிவத்தை வேறொரு ஏஜெண்ட் தானே நிரப்பினார். சீனி வருத்தம் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று போட்டுவிட்டார். அக்காவுக்கு அப்போதே சீனி இருந்தது. அதிலும் நான் சாட்சி.

இதை என்ன செய்வது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். காப்புறுதியின் அடிப்படையே, கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்வது. மறைத்தது வெளிவந்தால், பின்னால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி உண்டு. சொல்லிவிட்டால் இப்போதே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். விடியற்காலை அக்காவிடமே கேட்டேன்.

"எழுதிக் குடுத்துரு தம்பி. பொய் சொல்லி வாங்குன காசுல எனக்குக் கருமாதி வேணாம். அதுக்குத்தான் சங்கம் இருக்கே."

எழுதிக் கொடுத்தேன். கட்டுப்பணத்தைக் கொஞ்சம் கூட்டி, தொடரவிட்டார்கள். ஏஜெண்ட் தவறாக எழுதிய ஒரு சொல்லுக்கு நான் இத்தனை பயந்திருக்க வேண்டாம்.

நோய்க் காலத்துக் கூலி என்பது உலகத்தில் புதிய விஷயம் இல்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளருக்குக் கொண்டுவந்த முதல் காப்புறுதிச் சட்டமே நோய்க்கானது. முதுமைக்கான சட்டம் 1889இல்தான் வந்தது. ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. எங்கள் சித்தி குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கில் கப்பலேறி, நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தோட்டத்தில் போய்ச் சேர்ந்தது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் நோய்க்கால உதவிப்பணம் என்று ஒன்று இருந்தது. டாக்டர் சீட்டுக் கொடுத்தால், வேலைக்குப் போகாத நாளுக்கும் ஏதோ ஒன்று வரும் என்று சித்தி கடிதத்தில் எழுதியபோது எங்கள் லயத்தில் யாரும் நம்பவில்லை. அதே கொழுந்து, அதே கூடை, அதே சாதிசனம்.

இங்கே நடந்தது தலைகீழ். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, அதற்கு மேல் வருகைக்கு 60 ரூபா. வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசி வந்திருந்தால்தான் அந்த 60. ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சலில் கிடந்தவர் அந்த நாட்களின் பேரையும் இழந்து, வந்த நாட்களின் 60ஐயும் இழந்தார். 2026 வரவு செலவுத் திட்டத்திலும் நாட்சம்பளத்தோடு வருகைக்கென்று 200 ரூபா முன்மொழிந்தார்கள். கூடினால் நல்லதுதான். எழுந்து வருகிறவருக்குக் கூட்டிக் கொடுக்க எல்லோரும் தயார். எழ முடியாதவருக்கு என்ன என்று எந்த மேசையிலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "பேர வெட்டிட்டு ஈபிஎஃப் எடுத்துரு" என்பது பெரும்பான்மைக் கருத்து. அதைத்தான் முதலில் தடுத்தேன். வேலையை விட்டால் முழுக் காசையும் எடுக்க பெண்ணுக்கு 50 வயது ஆக வேண்டும், அவளுக்கு 47. இனி வேலையே செய்ய முடியாது என்று மருத்துவ சபை சான்று தந்தால் வேறு விஷயம். பேரை வெட்டினால் தோட்டம் கொடுத்த காம்பராவும் ஆட்டம் காணும். பணிக்கொடை கிடைக்கும்தான், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 29 வருஷத்துக்கு ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அது ஒரே தடவைதான்.

வேறு வழிகள் இருந்தன, கண்ணுக்கு முன்னாலேயே. பத்து வருஷம் சந்தா போய், மூன்று லட்சத்துக்கு மேல் மீதி இருந்தால், வேலையில் இருந்துகொண்டே ஈபிஎஃப்பில் 30 வீதம் வரை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்கலாம். தோட்டம் மாதாமாதம் தன் பையிலிருந்து 3 வீதம் கட்டுகிற ஊழியர் நம்பிக்கை நிதியம் இருக்கிறதே, ஈடிஎஃப், அது வெறும் சேமிப்பு இல்லை. அங்கத்தவர் இறந்தால், நிரந்தரமாக இயலாமற் போனால், இருதய ஆபரேஷன் செய்தால், சிறுநீரகம் மாற்றினால் உதவி உண்டு. கண்ணுக்கு லென்ஸ் வைப்பதற்குக்கூட உண்டு. எங்கள் லயத்தில் கண்ணுக்கு லென்ஸ் வைத்த நாலு பேரைத் தெரியும். நாலு பேருமே நகையை அடகு வைத்துத்தான் வைத்தார்கள். கேட்காதவருக்கு அது வராது. கேட்கவும் கால எல்லை உண்டு. வைத்திய உதவி கேட்டு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க இப்போது கொழும்புக்குப் போகவேண்டியதில்லை, 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் படிவம் எழுதினேன்.

எழுதும்போதுதான் ஒரு பெரிய சிக்கல் வந்தது. அடையாள அட்டையில் அக்காவின் பேர் ஒரு மாதிரி, தோட்டத்துப் பதிவில் வேறு மாதிரி. யாரோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதி, அது சிங்களத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பியபோது ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது. 29 வருஷம் அந்த உதிர்ந்த எழுத்தின் பேரில்தான் காசு சேர்ந்திருக்கிறது. சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், கிராம சேவகர் என்று நான் அலைந்த நாட்களை எண்ணவில்லை. எனக்குச் சம்பளம் வந்தது. பின்னுரித்தாளியாக அவள் போட்டிருந்தது, பத்து வருஷத்துக்கு முன் செத்துப்போன அம்மாவை. அதையும் மாற்றினோம்.

மருந்து நாலாவது தடவை ஏறிய மாதம், கோயிலில் மரணாதார சங்கத்தின் பொதுக்கூட்டம். நான் எழுந்து, சீக்காகி மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாதவருக்கும் சங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர் மெதுவாகச் சொன்னார்.

"வாத்தியார் சொல்றது நாயந்தான். ஆனா சாவுன்னா ஊருக்கே தெரியும், சந்தேகமில்ல. சீக்குன்னா யாரு நிதானிக்கிறது? ஒருத்தர் நெசமாப் படுத்திருப்பாரு, ஒருத்தர் மழைக்குப் படுத்திருப்பாரு."

உலகத்துக் காப்புறுதிக் கம்பெனிகள் நூறு பக்கத்தில் எழுதுகிற பயத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நான் இங்கிலாந்தின் பழைய தொழிலாளர் உதவிச் சங்கங்களின் கதையைச் சொன்னேன்: நோய்ப்படி வாங்குகிறவரை வீட்டுக்கே போய்ப் பார்த்துவர அவர்கள் ஆள் வைத்திருந்தார்கள். நாமும் எப்படியும் ஹார்லிக்ஸோடு போய்ப் பார்க்கத்தானே செய்கிறோம், கையில் ஒரு கொப்பியைக் கொண்டுபோனால் என்ன என்றேன். சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண், டிஸ்பென்சரிச் சீட்டைக் காட்டினால் வீட்டுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியாவது கொடுக்கலாமே என்றாள். காசாகக் கொடுத்தால் சந்தா கூட்ட வேண்டும் என்றார் பொருளாளர். எவ்வளவு என்று யாரோ கேட்டார்கள். கணக்குப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்வதாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த விஷயம், கொட்டகைத் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, புதிதாக வாங்க வேண்டும். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். தலையில் துணி கட்டி மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா, முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.