கேள்வி எழவில்லை

நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் எழுத்துபூர்வ பதில்களைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு சொற்றொடர் நன்றாகத் தெரிந்திருக்கும்: ‘கேள்வி எழவில்லை.’ உறுப்பினர் தன் கேள்வியை அ, ஆ, இ என்று பிரித்து அனுப்புகிறார். முதல் பகுதிக்கு அமைச்சகம் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், அதை ஒட்டிய அடுத்த பகுதிகளுக்கு யோசிக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன பதிலைக் கருதி, கேள்வி எழவில்லை. அவ்வளவுதான், கோப்பு மூடப்படும்.

2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் அப்படி ஒரு பதில் வந்தது. கொரோனா ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் புலம்பெயர் தொழிலாளர்கள் உயிரிழந்ததை அரசு அறியுமா, அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று கேட்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். இழப்பீடு குறித்த பகுதிக்கு: கேள்வி எழவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்ற எண்ணிக்கை அதே அமைச்சகத்திடம் இருந்தது. வழியில் விழுந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை.

இந்தப் பதில் பொய்யா? சட்டப்படி பார்த்தால் பொய் இல்லை. தரவு இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கணவனை நெடுஞ்சாலையில் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் போய், உன் கணவன் செத்ததற்கு எங்களிடம் கணக்கு இல்லை, ஆகவே உனக்கு இழப்பீடு என்ற பேச்சே இல்லை என்று சொல்வதை நேர்மையான பதில் என்று நம்மால் ஏற்க முடியுமா? பொய் சொல்லாமலேயே ஒருவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியும். அந்த நழுவலை எதைக்கொண்டு பிடித்து நிறுத்துவது என்பதே இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

முதலில், கேள்வி கேட்பது யார், பதில் சொல்வது யார் என்பதைப் பார்ப்போம். நம் வீடுகளில் இதற்கு எழுதாத சட்டம் உண்டு. எங்கே போனாய், ஏன் தாமதம், யாரோடு பேசினாய், செலவுக்குக் கொடுத்த பணம் என்ன ஆயிற்று: பெண் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் திருப்பிக் கேட்டால் அது ‘எதிர்க்கேள்வி’. கேட்கும் பெண்ணுக்கு ‘வாயாடி’ என்று பெயர். அதே கேள்வியை ஆண் கேட்டால் நியாயம் கேட்கிறான் என்போம். அதிகாரம் இருப்பவர் கேட்பார், இல்லாதவர் பதில் சொல்வார் என்பதே நடைமுறை. சட்டமன்றக் கேள்வி இந்தத் திசையைத் திருப்புகிறது. காவல்துறையும் கஜானாவும் கையில் வைத்திருக்கும் அரசு பதில் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும்.

இந்த உரிமை இந்தியாவில் சும்மா கிடைத்துவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் 1892 கவுன்சில் சட்டம்தான் அவை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை அளித்தது. முதல் கேள்விக்கு வந்த பதிலைத் தொடர்ந்து துணைக்கேள்வி கேட்கும் உரிமை 1909க்குப் பிறகே வந்தது. மதராஸ் சட்ட கவுன்சிலில் ஒரு பெண்ணாக முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவரானது 1927இல். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை கேள்விகள் கேட்கப்பட்டிருந்தாலும் அவற்றைக் கேட்டவர்கள் ஆண்கள். இன்றும் நிலைமை தலைகீழாகிவிடவில்லை. 2024 தேர்தலில் மக்களவையின் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர்.

நடைமுறை இதுதான். மக்களவையில் கேள்விகள் முக்கியமாக இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக்கேள்வி கேட்கலாம். ஒரு நாளுக்கு அப்படி 20 கேள்விகள். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், துணைக்கேள்வி கிடையாது. அவை ஒரு நாளுக்கு 230. குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகக் கேள்வியைக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் வரிசை முடிவாகும். தொலைக்காட்சியில் நாம் காண்பது முதல் வகையின் கூச்சலை. ஆனால் துறைகளின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் இரண்டாம் வகையின் அட்டவணைகளில்தான் கிடைக்கிறது. எத்தனை பணியிடம் காலி, எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவழித்தார்கள், எந்த மாநிலத்தில் எத்தனை வழக்கு என்று அமைச்சர் பெயரில் எழுதித் தர வேண்டியிருக்கிறது.

கேள்விக்கும் கடுமையான விதிகள் உண்டு. அதில் வாதம் இருக்கக் கூடாது, ஊகம் இருக்கக் கூடாது, எள்ளல் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நூற்றைம்பது சொல்லுக்குள் அடங்க வேண்டும். பெண்ணியவாதிகளாகிய நமக்கு இதைப் படித்ததும் ஒரு எரிச்சல் வருவது இயல்பு. அழுதால் உணர்ச்சிவசப்படுகிறாள், கோபப்பட்டால் அடங்காப்பிடாரி, அமைதியாகக் கேட்டால் மட்டும் காதில் விழும் என்ற பாடத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துயரத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா என்கிறது இந்த விதி.

அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த வறண்ட மொழிக்கு ஒரு பயன் உண்டு. கோபத்தோடு கேட்டால் கோபத்துக்குப் பதில் சொல்லித் தப்பிக்கலாம். அரசியல் செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எத்தனை பேர், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று கேட்டால் சொல்லியாக வேண்டும், அல்லது தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இங்கே தெரியாமை குறித்துச் சற்று யோசிக்கலாம். தெரியவே வாய்ப்பில்லாத தெரியாமை ஒன்று. தெரிந்துகொள்ள முடியும், ஆனால் முயலவில்லை என்பது இரண்டாவது. தெரிந்தால் கடமை வந்துவிடும் என்பதற்காகவே தெரிந்துகொள்ளாமல் இருப்பது மூன்றாவது. முதலாவதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. மற்ற இரண்டும் செயல்கள், அவற்றுக்குப் பொறுப்பு உண்டு. அரசு எந்தத் தெரியாமையில் இருக்கிறது என்பதைக் கேள்வி கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது.

தொழிலாளர் அமைச்சகம் தரவு இல்லை என்று எழுதிய அதே வாரத்தில், மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் ஒரு எழுத்துபூர்வ பதில் தந்தார். ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 87 உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. ஆக, எண்ண முடியாத மரணங்கள் அல்ல அவை. ஒரு துறை எண்ணியது, மற்றது எண்ணவில்லை. இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு, ‘தரவு இல்லை’ என்பது இயற்கையாக நேர்ந்த வெறுமையாகத் தெரியாது. யாரோ எடுத்த முடிவாகத் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எண்ணுவார்கள், ஆனால் வேறு பெயரில். மலக்குழி மரணங்களைப் பற்றிக் கேட்டால், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று பதில் வரும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் அப்படித்தான் சொல்லப்பட்டது. கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் இறங்கிச் செத்தவர்கள் ‘அபாயகரமான துப்புரவு’ என்ற வேறொரு தலைப்பின்கீழ் வருவார்கள். 2013 சட்டம் இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருப்பதால் இந்தப் பதிலும் பொய் இல்லை. ஆனால் மறுநாள் செய்தியில் என்ன தங்கும்? இந்தியாவில் மலம் அள்ளி யாரும் சாகவில்லை. அதனால் கேட்பவர் இரண்டு சொற்களையும் அறிந்திருக்க வேண்டும். சரியான சொல்லைப் போட்டுக் கேட்காவிட்டால், செத்தவர்கள் பதிலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

சில சமயம் பதில் எதையும் மறைக்காது, தன்னையே காட்டிக்கொடுக்கும். 2015 ஏப்ரலில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கனிமொழி, திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவைக் குற்றமாக்க வேண்டும் என்ற ஐ.நா. குழுவின் பரிந்துரை குறித்துக் கேட்டார். உள்துறை இணையமைச்சரின் எழுத்துபூர்வ பதில் இப்படிப் போனது: உலக அளவில் புரிந்துகொள்ளப்படும் அந்தக் கருத்தாக்கத்தை இந்தியச் சூழலில் பொருத்த முடியாது. கல்வி நிலை, எழுத்தறிவின்மை, வறுமை, சமூகப் பழக்கவழக்கங்கள், மத நம்பிக்கைகள், திருமணத்தைப் புனிதமாகக் கருதும் சமூக மனநிலை ஆகியவை காரணங்கள். 2016 மார்ச்சில் பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகமும் ஏறக்குறைய இதே வாசகங்களைப் பதிலாகத் தந்தது.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். நடக்கவில்லை என்று அரசு சொல்லவில்லை. நம் மக்கள் ஏழைகள், படிக்காதவர்கள், திருமணத்தைப் புனிதமாக நினைப்பவர்கள், ஆகவே மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்கிறது. வறுமையும் எழுத்தறிவின்மையும் ஒரு பெண்ணுக்குக் கூடுதல் பாதுகாப்பு தரக் காரணங்களாக இருக்க வேண்டியவை; இங்கே பாதுகாப்பை மறுக்கக் காரணங்களாகிவிட்டன. மேலும், ‘சமூக மனநிலை’ என்று சொல்லும்போது அந்தச் சமூகத்தில் மனைவிமார் இருக்கிறார்களா? யாரிடம் கேட்டு அந்த மனநிலையைத் தெரிந்துகொண்டார்கள்? மேடைப் பேச்சாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்திருக்கலாம். எழுத்தில் வந்துவிட்டதால் மறுக்க முடியாது.

சரி, அதனால் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், மனைவிக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால் கணவனுக்கு அந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது. கேள்வி கேட்டதால் சட்டம் மாறவில்லை. கேள்வியை நீதி என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

ஆனாலும் மௌனத்துக்கும் மறுப்புக்கும் வேறுபாடு உண்டு. மௌனமாக இருக்கும் அரசிடம் ‘இன்னும் கவனத்துக்கு வரவில்லை’ என்ற சாக்கு எப்போதும் கைவசம் இருக்கும். மறுத்து எழுதிய அரசுக்கு அந்தச் சாக்கு இல்லை. அது அறிந்தே மறுத்திருக்கிறது, காரணமும் சொல்லியிருக்கிறது. சொன்ன காரணத்தோடுதான் வாதாட முடியும். அவையின் ஒரு ஏற்பாடும் இதை ஒட்டியதே: ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர் எழுதினால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், தவறினால் அரசு உறுதிமொழிக் குழு கேட்கும். மக்களவையில் அந்தக் குழு 1953 முதல் இருக்கிறது. சொன்ன சொல்லுக்குக் கணக்கு வைக்க ஒரு பேரேடு.

இந்தப் பேரேடு உறுப்பினர்களுக்கு மட்டும் சொந்தமானதா? அங்கன்வாடி பணியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பற்றிய கேள்விகளுக்கு ஒன்றிய அரசின் பதில் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: அவர்கள் உள்ளூர்ச் சமூகத்திலிருந்து வரும் கௌரவப் பணியாளர்கள், அவர்களுக்குத் தரப்படுவது மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அது மூவாயிரத்திலிருந்து நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. ‘கௌரவம்’ என்ற ஒரு சொல்லால் சம்பளம் என்ற சொல் தள்ளிவைக்கப்படுகிறது. தாயன்பு என்று சொல்லி வீட்டு வேலையைக் கணக்கில் விடாததைப் போல. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்றது. அவர்கள் எத்தனை பதிவேடுகள் எழுதுகிறார்கள், எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள் என்பது டெல்லியில் இருக்கும் உறுப்பினருக்குத் தானாகத் தெரியாது. அந்த மையத்தில் இருப்பவள் சொன்னால்தான் நல்ல கேள்வி பிறக்கும். தொகுதி உறுப்பினருக்கு ஒரு சங்கமோ, ஒரு கல்லூரி மாணவியோ எழுதி அனுப்பும் நான்கு வரி, நூற்றைம்பது சொல் கேள்வியாக மாற முடியும்.

2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் இதற்கு இசைவான ஒரு விதி எழுதப்பட்டது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஒருவருக்கும் மறுக்கக் கூடாது. உறுப்பினரின் கேள்வியும் சாதாரணப் பெண்ணின் கேள்வியும் ஒரே மதிப்புடையவை என்று சொல்லும் விதி அது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த விதி அமைந்திருந்த உட்பிரிவையே மாற்றி எழுத வகை செய்தது. கேட்கும் உரிமை ஒருமுறை வென்றதோடு முடிவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தமிழில் ‘கேட்பாரற்று’ என்கிறோம். யாரும் உரிமை கோராத உடலைக் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்கிறோம். ஆதரவில்லாத பெண்ணைக் கேட்க நாதியில்லாதவள் என்கிறோம். நம் மொழியில் ஒருவருக்காகக் கேட்பதும் அவருக்குத் துணையாக நிற்பதும் ஒன்றே. நெடுஞ்சாலையில் விழுந்தவர்களுக்காக எழுதப்பட்ட அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கவில்லைதான். ஆனால் அதைக் கேட்டதால், அவர்கள் கேட்பாரற்றுப் போகவில்லை. கேள்வி எழவில்லை என்று அமைச்சகம் எழுதிய நாளிலேயே கேள்வி எழுந்துவிட்டது. அதை அடுத்த கூட்டத்தொடரிலும் எழுப்புவது நம் பக்கத்து வேலை.