கை வைக்காமல் காப்பாற்றுவது

எது செயல், எது செயலின்மை என்ற கேள்வியைக் கீதையின் நான்காம் அத்தியாயம் எழுப்புகிறது. சும்மா இருப்பதற்குள்ளும் செயல் இருக்கலாம் என்கிறது. அறிவாளிகளே இதில் தடுமாறுவார்கள் என்றும் ஒப்புக்கொள்கிறது. 1932-ல் துலியா சிறையில் கீதையைப் பற்றிப் பேசிய வினோபா பாவே இந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். நாமோ இதைச் சாமியார்களுக்கான விசாரணை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் லேப்டாப் மேல் ஒரு டம்ளர் டீ கவிழ்ந்த மறுநொடியே இந்தக் கேள்வி நம் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. ஆபத்தில் இருக்கும் ஒன்றின் மேல் கை வைக்காமல் இருப்பதையும், விவரம் தெரிந்து இருந்தால், செயல் என்றே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

தண்ணீர் பட்டதாலேயே மின்சுற்றுப் பலகை கெட்டுவிடுவதில்லை. தொழிற்சாலைகளிலேயே பலகைகளைக் கழுவுவதுண்டு. கெடுப்பது, ஈரத்தின் வழியே ஓடும் மின்சாரம். சுத்தமான நீரில் அது எளிதாகப் பாயாது. நீலகிரியில் கவிழ்வதோ பெரும்பாலும் பாலும் சர்க்கரையும் போட்ட டீ. பாலில் இருக்கும் உப்புகள் மின்சாரத்துக்கு வழிவிடும். சர்க்கரை பிசுபிசுவென்று படிந்து ஈரத்தை விடாது. மின்னழுத்தம் இருக்கும்வரை உலோகம் ஓர் இடத்தில் கரைந்து இன்னோர் இடத்தில் மெல்லிய இழையாக வளரும். அந்த இழை பக்கத்துத் தடத்தைத் தொட்டால் ஷார்ட். இதற்கு சார்ஜர் இணைந்திருக்கவும் தேவையில்லை, உள்ளே பேட்டரி இருக்கிறது. ஆகவே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற வருமென்றால் கழற்றி, கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அதோடு நிறுத்த வேண்டும். இங்கேதான் மனம் அடம்பிடிக்கிறது. 'ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்று ஒரே ஒரு தரம் அழுத்துகிறோம். பிழைத்திருக்கக்கூடிய பலகை அந்த ஓர் அழுத்தலில் போய்விடலாம். அந்த அழுத்தலால் இயந்திரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை; நம் பதற்றத்துக்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான்.

சோம்பலுக்குத் தத்துவப் பூச்சு பூசுகிறாய் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்யத்தகாததைச் செய்தாலும் கேடு, செய்யத்தக்கதைச் செய்யாமல் விட்டாலும் கேடு என்ற இரண்டையும் வள்ளுவர் தெரிந்துசெயல்வகையில் ஒரே குறளுக்குள் வைத்திருக்கிறார். அந்த இரண்டாம் பாதியை மறந்தவர்கள்தாம் லேப்டாப்பை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள். மூடிய உடலுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி உறிஞ்சி எடுத்துவிடாது. அதன் தூசி துளைகளுக்குள் போவதுதான் மிச்சம். ஈரம் போனாலும் சர்க்கரையும் உப்பும் உள்ளேயே இருக்கும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றே ஈரம். காயட்டும் என்று வாரக்கணக்கில் விட்டால், செம்புத் தடங்களில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். விவரம் தெரிந்த மெக்கானிக் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரிப்பார். பல மாடல்களில் உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஈரம் எதுவரை போயிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் கறையைத் தேய்த்து எடுப்பார். முதல் நிமிடத்தில் கையைக் கட்டிக்கொள்ளச் சொன்ன அதே அறிவு, இப்போது கையை நீட்டச் சொல்கிறது.

கை வைப்பதா, வேண்டாமா என்ற இந்தக் கேள்வி இன்னும் கனத்துடன் எழும் இடம் தெப்பக்காடு. மோயாற்றங்கரையில் இருக்கும் அந்த யானை முகாமுக்குத் தாயை இழந்த குட்டிகள் வந்து சேர்கின்றன. மின்சாரம் பாய்ந்து தாய் இறந்த ரகு என்ற குட்டியை அங்கே காட்டுநாயக்கர் தம்பதி பொம்மனும் பெள்ளியும் வளர்த்ததை, 2023-ல் ஆஸ்கர் வென்ற ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. அந்தப் பாசத்தைக் கண்டு உருகிய பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை: முகாம் கடைசி வழி. தனியாக நிற்கும் குட்டியைக் கண்டால் ஊர் கூடுகிறது, தொட்டுத் தடவுகிறது, பசும்பால் கொடுக்கிறது. அந்தப் பால் யானைக்குட்டிக்குச் செரிப்பது கடினம். மனிதக் கூட்டத்தைக் கண்டு தாய் நெருங்காது. 2023 டிசம்பர் கடைசியில் வால்பாறைப் பக்கம் பன்னிமேடு எஸ்டேட்டில் தனித்துப்போன குட்டியை வனத்துறையினர் டிரோன் வைத்துத் தேடி யானைக் கூட்டத்தோடு சேர்த்தார்கள். பிறகு தள்ளி நின்று கண்காணித்தார்கள். தள்ளி நின்றதும் மீட்புப் பணியில் சேர்ந்ததே.

உயிரையும் இயந்திரத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கூடாது. லேப்டாப் பொறுத்திருக்கும்போது அவஸ்தைப்படுவது நாம் மட்டும். குட்டியை நாம் பொறுத்திருக்க வைத்தால் அதற்குப் பசிக்கும். ஆகவே பொறுமைக்குக் கெடு உண்டு; அதைத் தீர்மானிக்க வேண்டியது நம் மனநிலை அல்ல, எதிரே இருப்பதன் தேவை. இந்த வேறுபாடு என் வாதத்தைப் பலப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடினமானது: காப்புப் பிரதி வைத்திருப்பவன் நிதானமாக இருக்கலாம், அரசு கொடுத்த ஒரே லேப்டாப்பில் தன் முழுப் படிப்பையும் வைத்திருக்கும் எஸ்டேட் பிள்ளை எப்படி நிதானமாக இருப்பாள்? உண்மைதான். ஆனால் அவசரத்தால் அதிகம் இழப்பவளும் அவள்தான். அவளுக்குப் பொறுமையை உபதேசிப்பதைவிட, மேலே சொன்ன விவரங்களை முன்கூட்டியே பள்ளியில் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. அறியாதவள் பதறுவதைக் குறையாகச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

எல்லாம் முறையாகச் செய்தும் தவறிப்போனால்? 2023 மார்ச்சில் தருமபுரிப் பக்கம் கிணற்றில் விழுந்த குட்டி ஒன்றை மீட்டார்கள். கூட்டத்தோடு சேர்க்க முயன்றார்கள். முடியாமல் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாதக் கடைசியில் அது இறந்துபோனது. அதனால் அந்த முயற்சி தவறு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை, அறிவும் ஒப்பவில்லை. பலன் நம் கையில் இல்லை என்பது கைவிடுவதற்குச் சாக்கும் அல்ல: பலகை உயிர்பெறாவிட்டாலும், எஸ்.எஸ்.டி. தனியாகக் கழற்ற வரும் மாடல் என்றால், அதை எடுத்து இன்னொரு கணினியில் இணைத்துப் பார்க்கும் வேலை பாக்கியிருக்கிறது.