செவிக்கும் உண்டு ஸேவை

திருநின்றவூரில் பக்தவத்ஸலனையும் என்னைப் பெற்ற தாயாரையும், திருமழிசையில் ஜகந்நாதனையும், பூவிருந்தவல்லியில் வரதராஜனையும் ஸேவிக்க வரும் அடியார்கள் கண்ணாரக் கண்டு களிக்கின்றனர். செவியைப் பற்றி நினைப்பவர் அரியர். ஆயினும், பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு அயலூரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரிடம், ஊர் என்றதும் மனத்தில் எழுவது யாது என்று வினவிப் பார்க்கலாம். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த இரவில் ஏரிக்கரையிலிருந்து எழுந்த தவளைக் கூச்சலை அவர் சொல்லக்கூடும். கோபுரம் அதற்குப் பின்னர்தான் வரும்.

இந்த உண்மையை நன்கு அறிந்தவள் ஆண்டாள். திருப்பாவையில் தோழியரைத் துயிலெழுப்பும் பாசுரங்களைச் சற்று நின்று அநுஸந்திக்க வேண்டும். பொழுது நன்கு புலராத வேளை. கண்ணுக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியாது. எனவே விடிந்தது என்பதற்கு அவள் காட்டும் சான்றுகளுட் பல ஒலிகளாகவே இருக்கின்றன. ஆறாம் பாசுரத்தில் பறவைகளின் ஆரவாரம், கோயிற் சங்கின் முழக்கம், முனிவரும் யோகியரும் சொல்லும் ஹரிநாமம். ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் பறவைகள் கூடிப் பேசும் பேச்சு, ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தபடியே அவள் ஆய்ப்பாடியை எழுப்பியது கல்லாலும் சுண்ணத்தாலும் அன்று, இவ்வோசைகளால்!

ஒலி ஒன்றேயாயினும் கேட்பவர் நிலைக்கேற்ப அது தேனாகும், தீயுமாகும். அதே ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் திருமொழியில், தன் நாயகன் வரக் கூவுமாறு குயிலிடம் இரந்து நிற்கிறாள். நம்மாழ்வாரோ, திருவாய்மொழி இரண்டாம் பத்தின் தொடக்கத்தில், நாரையையும் அன்றிலையும் கடலையும் காற்றையும் விளித்து, இவையும் தம்மைப்போல் எம்பெருமானைப் பிரிந்து வருந்துகின்றனவோ என்று பரிவு கொள்கிறார்.

பூவிருந்தவல்லிக்குப் பெரும்பேறு, அது திருக்கச்சி நம்பி அவதரித்த தலம் என்பது. நந்தவனம் அமைத்து மலர் கொய்து காஞ்சிக்குச் சுமந்தவர் அவர். ஆலவட்டம் வீச அரங்கனிடம் விண்ணப்பித்தார். காவிரியின் குளிர்ச்சி உண்டு என்றான். திருமலையில் கேட்டார், மலையின் குளிர்ச்சியே போதும் என்று விடை வந்தது. முடிவில், வேள்வித் தீயில் தோன்றிய பேரருளாளனிடமே அக்கைங்கர்யம் வாய்த்தது என்பது பெரியோர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அந்தக் காற்றினிடையே வரதன் அவரோடு உரையாடினான். இராமாநுசருக்கு உரிய ஆறு வார்த்தைகளும் அந்தச் செவி வழியாகவே உலகிற்கு வந்தன. பேசியது பெருமானின் கருணை. ஆயினும், கேட்க ஒரு செவி வேண்டியிருந்தது அன்றோ? நந்தவனத்து விடியலில் வண்டின் முரற்சிக்கும் புள்ளின் குரலுக்கும் பழகிய செவி அது என்று எண்ணுவதில் பிழையில்லை.

காலம் மாறியிருக்கிறது. 1856-இல் இராயபுரத்திலிருந்து மேற்கே புறப்பட்ட இருப்புப்பாதை இப்பகுதியின் வழியே ஓடிற்று. 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்ட ஓசைகளைப் பழிப்பது நன்றியாகாது. ஆலைச் சங்கையே ஊரின் குரலாக நெஞ்சில் வைத்திருப்பவரும் உண்டு. வருத்தம் வேறு. உற்சவ நாளில் விடியுமுன்னரே சந்நிதித் தெருவில் கூம்பு ஒலிபெருக்கியை முடுக்கிவிடுகின்றனர். விச்வரூப ஸேவைக்கு நிற்பவர் செவியில் கோஷ்டியின் திருப்பள்ளியெழுச்சியும் விழுவதில்லை, மதிலில் அமர்ந்த கிளியின் குரலும் விழுவதில்லை. தொழிற்சாலை தொலைவில் இருக்கிறது; இந்த இரைச்சலோ பக்தியின் பெயரால் திருவாசலிலேயே எழுகிறது.

திருநின்றவூரில் பக்தவத்ஸலனை ஸேவித்தபின் ஏரிக்கரை வரை செல்பவர் சிலரே. ஏரிகாத்த ராமன் அங்கே எழுந்தருளியிருக்கிறான். மழைக்காலத்து மாலையில் கூடடையும் புள்ளினங்களின் குரலும், கரையில் மோதும் சிற்றலையின் ஓசையும், இருள் சூழச் சூழத் தவளைகளின் கோஷ்டியும் அவன் திருச்செவி சாற்றியருள்பவை. வண்டிக்கு நேரமாயிற்று என்று விரையும் ஸேவார்த்திகள் அரை நாழிகை அங்கே வாய் திறவாது நிற்கலாம். சென்னைக்குச் செல்லும் மின்சார ரயில் ஒன்று போனால் அடுத்தது வரும்.