ஜெயித்தவன் காரில் ஏறும் எடை

பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயங்களை நான் பார்க்கத் தொடங்கியது ஒரு ஆன்-கால் வாரத்தில். ஞாயிற்றுக்கிழமை முழுக்க லேப்டாப்பை விட்டு நகர முடியாது. சர்வர் விழுந்தால் எழுப்பிவிட வேண்டிய ஆள் நான். அது விழவும் இல்லை, என்னைத் தூங்கவும் விடவில்லை. பொழுது போகாமல் யூடியூபில் எதையோ தேடப்போக, பழைய பந்தயம் ஒன்று ஓட ஆரம்பித்தது.

ஃபார்முலா ஒன் கார்களைப் பார்த்தால் நமக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். டூரிங் கார் அப்படியில்லை. ஹோண்டா சிவிக், ஃபோர்டு ஃபோகஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் என்று ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கிற சாதிதான். உள்ளே எல்லாம் மாற்றியிருப்பார்கள், ஆனால் வெளித்தோற்றம் தெரிந்த முகம். கதவோடு கதவு உரசிக்கொண்டு, கண்ணாடியை உடைத்துக்கொண்டு, நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி முட்டி மோதிப் போகிறார்கள். ஒரே நாளில் மூன்று பந்தயங்கள்.

முதல் பந்தயம் முடிந்ததும் வர்ணனையாளர் ரொம்ப சாதாரணமாக ஒன்றைச் சொன்னார். ஜெயித்தவர் அடுத்த பந்தயத்தில் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு ஓட்ட வேண்டுமாம். நான் வீடியோவை நிறுத்தித் திரும்பவும் கேட்டேன். ஜெயிச்சவனுக்கு எதுக்குய்யா தண்டனை?

இதற்கு 'சக்சஸ் பேலஸ்ட்' என்று பெயர். வெற்றிச் சுமை என்று சொல்லலாம். அன்றைய முதல் பந்தயத்துக்குப் புள்ளிப்பட்டியலில் மேலே இருப்பவர்கள், அடுத்த இரண்டுக்கும் அதற்கு முந்தைய பந்தயத்தில் முன்னே வந்தவர்கள் என்று இறங்குவரிசையில் கனமான உலோகத் தகடுகளைக் காருக்குள் பூட்டிவிடுவார்கள். 2021இல் அதிகபட்சம் 75 கிலோ. அதாவது ஒரு முழு மனிதனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவது போல. எடை கூடினால் கார் வேகமெடுக்க நேரமாகும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், வளைவுகளில் டயர் சீக்கிரம் களைத்துப்போகும். 2022இல் ஹைப்ரிட் வந்ததும் எடையை எடுத்துவிட்டார்கள். பதிலாக, முன்னணியில் இருப்பவர்களுக்கு மின்மோட்டாரின் உதவியைக் குறைத்தார்கள். கருவி மாறியது, எண்ணம் மாறவில்லை. இது போதாதென்று, மூன்றாவது பந்தயத்தில் முதல் சில இடங்களைக் குலுக்கல் முறையில் தலைகீழாக்கும் வழக்கம் வேறு.

இது நியாயமா? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

முதலில், இதற்கான காரணத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். டூரிங் கார் பந்தயத்தில் விதவிதமான கார்கள் ஓடுகின்றன. முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம், பெரிய கம்பெனியின் பணம், இரண்டு மெக்கானிக்குகளை வைத்துச் சமாளிக்கும் சிறிய அணி. அப்படியே விட்டால் பணம் உள்ளவன் ஜெயிப்பான். ஜெயித்ததால் இன்னும் பணம் வரும். நான்கு வருடத்தில் மற்றவர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். எதிராளி இல்லாத மைதானத்தில் எவ்வளவு வேகமாக ஓடினால்தான் என்ன?

ஆஸ்திரேலியாவில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் அங்கே வந்து இறங்கியது. நான்கு சக்கர இயக்கம், இரட்டை டர்போ. அங்கத்திய பத்திரிகைகள் அதற்கு 'காட்ஸில்லா' என்று பெயர் வைத்தன. எடை ஏற்றிப் பார்த்தார்கள், டர்போவுக்குக் கடிவாளம் போட்டுப் பார்த்தார்கள், அடங்கவில்லை. 1991இல் பாதர்ஸ்ட் பந்தயத்தை ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் அந்தக் காரில் வென்றார்கள். 1992இலும் அவர்கள்தான். ஆனால் அந்த முறை கொட்டும் மழையில் பந்தயத்தையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ரிச்சர்ட்ஸின் காரே மோதி நொறுங்கி நின்றது. விதிப்படி முந்தைய சுற்றின் நிலையை எடுத்துக்கொண்டு அவர்களை வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள். ஃபோர்டுக்கும் ஹோல்டனுக்கும் உயிரைக் கொடுக்கும் கூட்டம் கூச்சல் போட்டது. அன்றுதான், அதே பந்தயத்தில் காரோட்டிக்கொண்டிருந்த டெனி ஹல்ம் மாரடைப்பால் இறந்திருந்தார். 1967இன் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன், ரிச்சர்ட்ஸைப் போலவே நியூஸிலாந்துக்காரர். மேடையில் நின்ற ரிச்சர்ட்ஸ் பொறுமையிழந்து, இங்கே எழுத முடியாத வார்த்தையால் கூட்டத்தை மைக்கிலேயே திட்டினார். அடுத்த வருடம் விதிகள் மாறின. அந்த மாதிரிக் காருக்கே இடமில்லாமல் போனது.

இந்தக் கதையை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் கொஞ்சம் வலிக்கிறது. பந்தயம் பிழைத்திருக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். நல்ல காரைக் கட்டியவனை, நன்றாக ஓட்டியவனை அதற்காகவே வெளியே தள்ளுவது அநியாயம். இரண்டும் ஒரே செயலில் இருக்கின்றன.

பிறகு விதிப்புத்தகங்களைத் துருவ ஆரம்பித்தேன். சாஃப்ட்வேர்க்காரனின் கெட்ட பழக்கம், எதையும் டாக்குமெண்டேஷனிலிருந்து படிப்பது. அங்கே ஒன்று கண்ணில் பட்டது. டூரிங் கார்களின் குறைந்தபட்ச எடையை ஓட்டுநரையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். 60 கிலோ உள்ளவர் ஓட்டினால், 85 கிலோ உள்ளவரின் காரோடு சமமாகும் வரை அவர் காரில் தகடு வைக்க வேண்டும். ஃபார்முலா ஒன்னில்கூட 2019இல்தான் ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் சேர்த்து 80 கிலோ என்று தனியாக வரம்பு வைத்தார்கள். அதற்கு முன்பு, உயரமாகப் பிறந்த பாவத்துக்கு ஓட்டுநர்கள் பட்டினி கிடந்து உடம்பை இளைத்தார்கள்.

ஆக, ஒரே காருக்குள் இரண்டு வகை எடை இருக்கிறது. ஒன்று, பிறப்பால் வந்த வித்தியாசத்தைச் சமன் செய்வது. இன்னொன்று, ஜெயித்ததற்காக ஏறுவது. தகடு ஒன்றுதான். தராசில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலாவதைப் பற்றி எந்த ஓட்டுநரும் முனகி நான் படித்ததில்லை. இரண்டாவதைப் பற்றி முனகாதவர் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஹாஸ்டல் நினைவு வந்தது. இரண்டாம் வருடம். என் அறைத் தோழனுடைய கட்-ஆஃப் என்னுடையதைவிடக் குறைவு. ஒரே கல்லூரி, ஒரே பிராஞ்ச். ஒருநாள் ஏதோ சண்டையில், "உனக்கென்னடா, கோட்டால வந்துட்ட" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்துப் படுத்துவிட்டான். அன்றைக்கு என் மனதில் இருந்த படம் இதுதான்: நன்றாகப் படித்த என் காரில் யாரோ எடை ஏற்றிவிட்டார்கள். என் வீட்டில் ஆங்கிலப் பேப்பர் வரும். அப்பா கணக்குச் சொல்லிக்கொடுப்பார். டியூஷனுக்கு அனுப்பப் பணம் இருந்தது. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் எதையும் எடையாக எண்ணத் தோன்றவில்லை. அவன் சுமந்த எடையைத் தராசில் வைக்காமல், கார் வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. ஓட்டுநரின் உடல் எடையை அரை கிலோ சுத்தமாக அளந்துவிடலாம். தலைமுறைகளின் எடைக்கு அப்படி ஒரு தராசு இல்லை. குத்துமதிப்பாகத்தான் கணக்குப் போட முடியும், குத்துமதிப்பில் பிழை வரும், பிழையைப் பற்றிப் பேசவும் வேண்டும். ஆனால் எந்த வகை எடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் நான் தப்புப் பண்ணியிருந்தேன். வெற்றிச் சுமை என்று நினைத்துக் கோபப்பட்டது உண்மையில் ஓட்டுநர் எடை.

உண்மையான வெற்றிச் சுமையைப் பின்னாளில் நானே ஒருவருக்கு ஏற்றினேன். அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நான் லீட். அதில் ஒரு பெண், தேனிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் மூன்று நாள் எடுக்கும் பக்கை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். முடித்தால் என்ன நடக்கும்? அடுத்த டிக்கெட், அதைவிடக் கஷ்டமானது. யாரும் தொட விரும்பாத பழைய பேமென்ட் கோடு அவரிடம் போனது. ராத்திரி ரிலீஸ் அவரிடம் போனது. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. குழு ஒப்பேற வேண்டும், செய்யக்கூடியவரிடம் கொடுத்தேன். வருடக் கடைசியில் ரேட்டிங் போடும்போது, டிக்கெட் எண்ணிக்கையில் அவர் நடுவில் நின்றார். கஷ்டமான டிக்கெட்டுகள் எண்ணிக்கையில் குறைவாகத்தானே இருக்கும். நடு ரேட்டிங்கே போட்டேன். மேலே இருந்தவர்களும் சரி என்றார்கள்.

அவர் பேப்பர் போட்ட அன்று காப்பி குடிக்கப் போனோம். "ண்ணா, வேலை அதிகமா குடுத்தீங்கன்னு எனக்கு வருத்தம் இல்ல. அதைக் குடுத்தீங்கன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் டூரிங் கார் பந்தயத்தின் நேர்மை எனக்குப் புரிந்தது. அங்கே எடை ஏறுவது எல்லோருக்கும் தெரியும். எத்தனை கிலோ என்பது சீசன் தொடங்கும் முன்பே அச்சாகியிருக்கிறது. இன்று உனக்கு ஏறுவது, நாளை நான் ஜெயித்தால் எனக்கும் ஏறும். முக்கியமாக, முழு எடையோடு ஆறாவதாக வருபவரைப் பார்த்து ரசிகன், "அடேயப்பா, இந்த வெயிட்டோடயா!" என்கிறான். அந்த ஆறாவது இடத்துக்கு மதிப்பு உண்டு. 2018இல் காலின் டர்கிங்டன் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றபோது, சீசனின் 30 பந்தயங்களில் அவர் ஜெயித்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் இரண்டாவது, நான்காவது, ஏழாவது என்று பொறுக்கிச் சேர்த்த புள்ளிகள். அவரை யாரும் அரைகுறை சாம்பியன் என்று சொல்லவில்லை. ஜப்பானின் சூப்பர் ஜிடியில் சீசனின் கடைசிப் பந்தயத்தில் வெற்றிச் சுமை முழுவதையும் இறக்கிவிடுகிறார்கள். வருடம் முழுக்கச் சுமந்தாய், இப்போது உன் உண்மையான வேகத்தைக் காட்டு என்பது போல.

நான் ஏற்றிய எடைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அறிவிப்பு இல்லை, அளவு இல்லை, இறக்கிவைக்கும் நாள் இல்லை. எடையை மறைத்துவிட்டு, வந்த இடத்தை மட்டும் படித்தேன். ஹாஸ்டலில் செய்த அதே தவறு. வயதும் பதவியும்தான் கூடியிருந்தன.

மறைமுகச் சுமைக்கு இன்னொரு விளைவும் உண்டு. எடை ஏறும் என்று தெரிந்தால் ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். பந்தய உலகில் இது பழைய நோய். சோதனை ஓட்டத்தில் முழு வேகத்தைக் காட்டாமல் பதுக்கிவைப்பார்கள். நம் ஆபீஸ்களில் இரண்டு நாள் வேலைக்கு ஐந்து நாள் எஸ்டிமேட் கொடுப்பவர் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பலர் ஒருமுறை வேகமாக ஓடிப் பார்த்து, பாடம் படித்தவர்கள்.

அப்படியென்றால் ஜெயித்தவருக்கு எடை ஏற்றுவது நியாயமா? என் பதில் முழுசாக இல்லை. விளையாட்டில் ஒத்துக்கொள்கிறேன். அங்கே எல்லோரும் விதியைப் படித்துவிட்டு, விருப்பத்தோடு கையெழுத்துப் போட்டு இறங்குகிறார்கள். வாழ்க்கையில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனாலும் குழு என்று ஒன்று இருந்தால் முடிந்தவர்மேல் கூடுதல் பாரம் விழத்தான் செய்யும். குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு விழவில்லையா? ஏற்றும்போது சொல்லிவிட்டு ஏற்று, கணக்கில் எழுது, இறக்கவும் செய். இந்த மூன்றையும் செய்ய மனமில்லாதவனுக்கு ஏற்றும் உரிமை இல்லை என்பது வரைக்கும்தான் என்னால் வர முடிகிறது.

பிரிட்டிஷ் போட்டியின் முதல் வருடமான 1958இல் ஒரு சம்பவம். ஜாக் சியர்ஸும் டாமி சாப்வித்தும் சமமான புள்ளிகளோடு முடித்தார்கள். இருவரும் ஓட்டியது வேறு வேறு பிரிவுக் கார்கள், ஒப்பிட வழியில்லை. நாணயத்தைச் சுண்டலாமா என்றுகூட யோசனை வந்தது, இருவருக்கும் அதில் இஷ்டமில்லை. கடைசியில் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் ஒரே மாதிரியான இரண்டு ரைலி கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து சுற்றுகள் ஓட்டினார்கள். பிறகு இறங்கி, ஒருவர் காரில் மற்றவர் ஏறிக்கொண்டு இன்னொரு ஐந்து சுற்றுகள். இரண்டையும் கூட்டிப் பார்த்ததில் சியர்ஸ் 1.6 விநாடி முந்தியிருந்தார்.

நமக்கு அப்படிக் காரை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. அறைத் தோழன் வீட்டில் பிறந்து நான் ஒரு செமஸ்டர் எழுதிப் பார்க்க முடியாது. அந்தப் பெண்ணின் டிக்கெட்டுகளை எடுத்து முடித்துப் பார்த்திருக்க மட்டும் என்னால் முடிந்திருக்கும். அதை ஒருநாளும் செய்யவில்லை.

போன மாதம் அவருக்கு லிங்க்ட்இன்னில் இதையெல்லாம் சுருக்கமாக எழுதி, மன்னிப்பும் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இப்போது அவரும் ஒரு லீட். "பரவால்லண்ணா. ஆனா எனக்கும் இங்க ஒரு பையன் இருக்கான், எல்லாத்தையும் அவன்கிட்டதான் தள்ளுறேன். நீங்க எழுதினதப் படிச்சதும் முதல் வேலையா ஷீட்ல ஒரு காலம் சேர்த்தேன்."