பல ஆற்றல்களும் ஒரு வழியும்

மானிடப் பிறவி அரிது. அதிலும் பல துறைகளில் நாட்டமும் திறமையும் ஒருங்கே அமைவது மேலும் அரிது. ஆனால் இன்று நம் வீடுகள் பலவற்றில் அந்தப் பேறே ஒரு சஞ்சலமாக மாறிவிடுவதைக் காண்கிறோம். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும், கணிதத்தில் கெட்டிக்காரனும் தமிழில் ஆர்வமுள்ளவனும் மிருதங்கம் வாசிப்பவனுமான ஒரு பிள்ளை, உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தெரிவுசெய்வது என்று தடுமாறுகிறான். மூன்று பாடங்களுக்குள் தன் முழு வாழ்வையும் அடக்கிவிட வேண்டுமோ என்று அஞ்சுகிறான். பெற்றோரோ வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் செல்ல மறுக்கிறார்கள். பாண்டிருப்பிலும் காரைதீவிலும், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும், கோயிலடி வீட்டிலும் பள்ளிவாசலடி வீட்டிலும் இதே கேள்விதான்.

இதற்கு விடை தேடி நாம் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. காரைதீவில் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பிறந்து, மயில்வாகனன் என்னும் பெயரோடு வளர்ந்த சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கையே நம் முன்னால் விரிந்து கிடக்கிறது. 1916ஆம் ஆண்டில் அவர் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றினார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பின்னர் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். விஞ்ஞானி, தமிழறிஞர், ஆசிரியர், துறவி, இசை ஆராய்ச்சியாளர் ஆகிய இத்தனை பேரும் ஒருவருக்குள் எப்படி வாழ்ந்தனர்?

அவர் வாழ்வை ஊன்றி நோக்கின் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, அவர் தாவித் திரிந்தவரல்லர். பத்து இடத்தில் அரைகுறையாகத் தோண்டுபவன் தண்ணீரைக் காணமாட்டான் என்று ஸ்ரீ ராமகிருஷ்ணர் உபதேசிப்பார். விபுலாநந்தர் எடுத்த கல்வியை நீர் காணும்வரை தோண்டினார். பல ஆர்வம் இருப்பது குற்றமன்று. ஒன்றையும் முடிக்காமல் இருப்பதே குற்றம்.

இரண்டாவது, "எனக்கு எது பிடிக்கும்?" என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. "என்னால் யாருக்கு என்ன பயன்?" என்றும் கேட்டார். அதனாலேயே உயர்ந்த பதவியை விட்டு மடத்துக்குச் செல்ல முடிந்தது. அதனாலேயே மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அவரது கல்வி ஏழைப் பிள்ளைகளின் கல்வியாக மாறியது.

அப்படியானால் ஒதுக்கிவைத்த மற்ற ஆற்றல்கள் வீணாகிவிடுமா? 'யாழ் நூல்' இதற்கு மறுமொழி கூறுகிறது. ஒரு தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும்; மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம் ஒலிக்கும். பௌதிகவியல் அறியாதவர் இக்கணக்கில் நுழைய முடியாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நுணுகிக் கல்லாதவர் பழந்தமிழர் யாழை அறிய முடியாது. விஞ்ஞான வகுப்பில் பெற்ற கணக்கும் பண்டிதர் படிப்பில் பெற்ற தமிழும் பல்லாண்டு காத்திருந்து அந்நூலில் ஒன்றுசேர்ந்தன. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடும் ஊரில் பிறந்தவர், கண்ணகி காவியத்துள் மறைந்திருந்த இசையை உலகறியச் செய்தார்.

எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. பாடசாலை நிருவாகமும் பத்திரிகைப் பணியும் பேராசிரியப் பணியும் அவர் காலத்தைப் பங்குபோட்டன. யாழ் நூல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது 1947 ஜூன் மாதத்தில். சுவாமிகள் மறைந்தது அடுத்த மாதம் 19ஆம் நாள். எதைத் தெரிவுசெய்தாலும் ஏதோ ஒன்று பின்தள்ளப்படும். நோகாமல் தெரிவு செய்யும் வழி எவருக்கும் இல்லை.

"அவர் துறவி, நமக்குக் குடும்பம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வயலிலும் கடலிலும் உழைத்துப் படிப்பிக்கும் தகப்பனுக்குப் பிள்ளையின் சம்பளம் ஓர் அவசியம். ஆகவே சோறு தரும் தொழிலைத் தெரிவதில் இழிவேதும் இல்லை. தொழில் வேறு, வாழ்வு வேறு. கணக்காளராக வேலை பார்ப்பவர் மாலையில் மிருதங்கம் பழக்கலாம். தாதியாக இருப்பவர் கவிதை எழுதலாம். தெரிவு செய்யாத பாதையை வெட்டி எறிய வேண்டாம். நாளுக்கு ஒரு நாழிகையாவது அதற்கு நீர் வார்த்தால் போதும்.

பெற்றோரே, "எந்தப் படிப்புக்குக் கூடச் சம்பளம்?" என்ற கேள்வியோடு இன்னும் இரண்டையும் பிள்ளையிடம் கேளுங்கள். "இந்த வேலையின் அன்றாடப் பாரத்தை மனமுவந்து சுமப்பாயா? இதனால் உன் ஊருக்கு என்ன கிடைக்கும்?" பிள்ளைகளே, விடை உடனே வராவிட்டாலும் கலங்காதீர்கள். கையில் எடுத்ததை முடியுங்கள். கற்றது எதுவும் வீண்போகாது. அது தன் வேளைக்காகக் காத்திருக்கும்.