'தெரியாது' என்ற பதில்

கருத்துக் கணிப்புகளில் 'தெரியாது' என்பது கழித்துவிட வேண்டிய பதிலாகவே கருதப்படுகிறது. அதை அதிகம் சொல்பவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் வேறாகிறது. கேள்வி அரசியலை நெருங்க நெருங்க, பதில் சொல்லாமல் ஒதுங்கும் பெண்கள் ஆண்களைவிடக் கூடுவதை 1970களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ சுட்டிக்காட்டினார். கருத்துச் சொல்லத் தனக்குத் தகுதி உண்டு என்ற நம்பிக்கை எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை.

2011இன் இறுதியில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியாவில் 4,031 பேரிடம் புவி வெப்பமடைதல் பற்றிக் கேட்டார்கள். கேள்விப்பட்டதில்லை அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதம். சில வரிகளில் விளக்கிவிட்டுக் கேட்டபோது, அது நடந்துகொண்டிருக்கிறது என்றவர்கள் 72 சதவீதம். தாமே அதன் விளைவுகளை அனுபவித்துவிட்டதாகப் பாதிப்பேர் சொன்னார்கள். விளக்கமே பதிலைத் தூண்டியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆனாலும் பலரிடம் அனுபவம் இருந்தது, ஆய்வாளர் அதற்கு வைத்த பெயர்தான் இல்லை என்றே நான் வாசிக்கிறேன்.

பெயர் தெரிந்த பெண்களும் தயங்குகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆரன் மெக்ரைட் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் காலநிலை அறிவியலை ஆண்களைவிடப் பெண்களே சற்றுக் கூடுதலாக அறிந்திருந்தார்கள். தமக்குத் தெரிந்ததைக் குறைத்து மதிப்பிட்டவர்களும் அவர்களே.

பெண்கள் பிறப்பிலேயே இயற்கையை அறிந்தவர்கள் என்ற பழைய பாட்டை நான் பாட வரவில்லை. கிணறு வற்றியதைக் கண்டவள் கரியமில வாயுவை அறிந்திருக்க வேண்டியதில்லை. காரணத்தை அறிய அறிவியல் வேண்டும். ஆனால் அது எந்த மொழியில் அவள் வாசலுக்கு வருகிறது? "காலநிலை மாற்றம் குறித்துத் தங்கள் கருத்து?" என்றால், "அவரு வரட்டும், அவர்ட்ட கேளுங்க" என்பாள். "தண்ணிக்கு இப்ப எவ்வளவு தூரம் போறீங்க? முன்னாடி?" என்றால் உட்காரச் சொல்வாள்.

ஒருத்தியின் தயக்கத்தை அறியாமை என்று பதிவது முறையியல் குறைபாட்டோடு முடிவதில்லை, அது அநீதியும்கூட. அந்தச் சதவீதத்தை வைத்துத் திட்டங்கள் தீட்டப்படுகின்றன. 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குப் பாடம் எடுப்பார்கள். அவர்களிடம் யோசனை கேட்க மாட்டார்கள்.

வினாநிரலோடு களத்துக்குப் போகும் தோழியரே, 'தெரியாது' என்ற கட்டத்தில் குறியிடும் முன் அவள் மொழியில் இன்னொரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகும் அவள் தெரியாது என்றால், அது அவள் பதில். அதுவரை அது நம் கேள்வியின் குறைதான்.